ராவியாவின் வெள்ளிக்கிழமைகள்

தபூக், சவூதி அரேபியா, 12 அக்டோபர் 1998

அன்புள்ள அக்கா ராவியாவுக்கு,

சலாம். நான் நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டதை மெத்ஹத் சொல்லியிருப்பார். மருத்துவமனையில் என்னைச் சிறுநீரக வார்டுக்கு நர்ஸாகப் போட்டிருக்கிறார்கள். விடுதி அறையில் என்னோடு ஒரு துனீசியாக்காரி இருக்கிறாள். ஓயாமல் பேசுகிறாள். பேசட்டும், அழுவதற்கு நேரம் கிடைக்காமல் இருக்கிறது.

புறப்படும் அவசரத்தில் உன்னிடம் சரியாகச் சொல்லிவிட்டு வரவில்லை. என் பிள்ளைகள் யும்னாவும் ஸியாதும் இனி உன் பொறுப்பு. மெத்ஹத் காலையில் வேனை எடுத்தால் திரும்ப இருட்டிவிடும். அவருக்கு முட்டை பொரிக்கக்கூட வராது. அதற்காகத்தான் கிளம்புமுன் அந்தப் பெரிய ஃப்ரீசரை வாங்கி என் சமையலறையில் வைத்துவிட்டு வந்தேன். இப்போது செய்கிற மாதிரியே வெள்ளிக்கிழமை ஒரு நாள் நீ உன் வீட்டில் சமைத்துக் கொடுத்துவிட்டால், மெத்ஹத் வந்து எடுத்துக்கொண்டு போய் அடுக்கிவிடுவார். வாரம் முழுக்கச் சூடுபண்ணிச் சாப்பிட்டுக்கொள்வார்கள். உனக்கு வீட்டில் ஆள் இல்லை, வெள்ளியன்று தையல் ஆலையும் இல்லை. பெரிய வேலையாக இருக்காது என்று நம்புகிறேன்.

ஒரு விஷயம் மட்டும். போனில் யும்னா, "அம்மா, பெரியம்மா பண்ற மொலோகியாக் கீரை உன்னோடதைவிட நல்லாருக்கு" என்றாள். சிரித்துவிட்டு வைத்தேன். நீ பூண்டை அதிகம் சிவக்க விடுகிறாய், அதுதான் காரணம். நான் செய்கிற மாதிரியே செய். பிள்ளைகள் என் கை ருசியை மறந்துவிடக் கூடாது. இன்னொன்று, கைமாவில் சோயா கலக்கிறாயாம். நான் பாலைவனத்தில் வந்து கிடப்பது என் பிள்ளைகள் சோயா தின்பதற்கா? ஸியாத் கத்தரிக்காய் தொடமாட்டான், நினைவிருக்கட்டும்.

உன் தங்கை,
நிவீன்


மன்சூரா, எகிப்து, 3 நவம்பர் 1998

அன்புள்ள நிவீன்,

உன் கடிதம் கிடைத்தது. பூண்டைக் குறைத்துவிட்டேன். யும்னா ஏன் மாற்றினாய் என்று கேட்டாள். அம்மா சொன்னாள் என்றேன், சாப்பிட்டுவிட்டாள்.

பெரிய வேலையாக இருக்காது என்று எழுதியிருந்தாய். ஆமாம், இல்லைதான். வியாழன் சாயங்காலம் ஆலை விட்டதும் நேரே சந்தைக்குப் போகிறேன். கடை கட்டும் நேரத்தில் வெடித்த தக்காளியைக் கூடையோடு தள்ளிவிடுவார்கள். கோழிக்காரன் முதுகும் இறக்கையும் எனக்கென்று எடுத்து வைத்திருப்பான். அதை வேகவைத்து, சாறை இறுத்து, எலும்பில் ஒட்டியிருக்கும் கறியைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தால் ஒரு வாரப் பாஸ்தாவுக்கு வந்துவிடும். காலையில் எழுந்ததும் தக்காளியைக் காய்ச்சிப் பையில் ஊற்றித் தட்டையாகப் படுக்க வைக்கிறேன். அப்போதுதான் புத்தகம் போல அடுக்க முடிகிறது. முட்டைக்கோஸ் சுருளை வேகவைக்காமல் உருட்டியே வைக்கிறேன், இல்லையென்றால் சூடுபண்ணும்போது அரிசி குழைந்துவிடும். உருளைக்கிழங்கு போடுவதில்லை. உறைந்து இளகினால் மணல் போல ஆகிவிடுகிறது. எல்லாம் நன்றாக ஆறிய பிறகுதான் மூடவேண்டும். ஆறுகிற வரைக்கும் என் கட்டில் மேலெல்லாம் டப்பாதான். சாயங்காலம் மெத்ஹத் வந்து வாரிக்கொண்டு போன பிறகு படுத்தால், சனிக்கிழமை காலை ஆலைச் சங்கு எழுப்புகிறது.

சோயா விஷயம். நீயும் நானும் அதைத் தின்றுதான் வளர்ந்தோம். உனக்குக் கறி என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள், எனக்குத் தெரியும்.

கோபித்துக்கொள்ளாதே. குளிர் வரப்போகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்.

ராவியா


தபூக், 6 டிசம்பர் 1998

அன்புள்ள அக்கா,

ரமலான் வருகிறது. நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பிள்ளைகள் குளிர்ந்த டப்பாவைத் திறந்துகொண்டு நிற்பதை நினைத்தால் எனக்குச் சாப்பாட்டில் கை போகவில்லை. சம்பூசாவை மடித்துப் பொரிக்காமல் வைத்துவிடு, யும்னாவே பொரித்துக்கொள்வாள். பருப்பு சூப்பைச் சின்னச் சின்னப் பையாகக் கட்டு. கறியைக் குறைக்காதே.

மெத்ஹத்தின் கடிதங்கள் சுருங்கிவிட்டன. முன்பு நான்கு பக்கம் எழுதுவார். இப்போது ஒரு பக்கம், அதிலும் பாதி உன் சமையலைப் பற்றி. புருஷன் பெண்டாட்டிக்கு எழுதுகிற கடிதத்தில் அக்காவின் கோஃப்தா எதற்கு? நீ வேண்டுமென்று எதுவும் செய்வதாகச் சொல்லவில்லை. ஆனாலும் என் வீட்டில் என் பெயரைவிட உன் பெயர்தான் அதிகம் கேட்கிறது போலத் தோன்றுகிறது. இங்கே தனியாகக் கிடந்தால் இப்படியெல்லாம் தோன்றும் என்று துனீசியாக்காரி சொல்கிறாள். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

நிவீன்


மன்சூரா, 10 பிப்ரவரி 1999

அன்புள்ள நிவீன்,

இத்தனை நாள் எழுதாததற்கு ரமலானைச் சொல்லலாம், பெருநாளைச் சொல்லலாம். இரண்டும் முடிந்து நாளாகிவிட்டது.

பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். உண்மையாகவே நன்றாக இருக்கிறார்கள். ஸியாத் சதை பிடித்திருக்கிறான். கத்தரிக்காய் சாப்பிடுகிறான். யும்னாவின் தலைமுடியை யாரோ அழகாகப் பின்னிவிட்டிருந்தார்கள்... பள்ளித் தோழியாக இருக்கும். டப்பாக்களும் இப்போது பளிச்சென்று கழுவித் துடைத்து வருகின்றன. முன்பெல்லாம் எண்ணெய் உறைந்து வரும், நான்தான் வெந்நீர் போட்டுத் தேய்ப்பேன்.

நிவீன், உன் விடுமுறையை முன்னாடியே எடுத்துக்கொண்டு ஒருமுறை வந்துவிட்டுப் போக முடியுமா? ஒன்றும் இல்லை. சும்மாதான் கேட்கிறேன். பிள்ளைகளுக்கும் ஆசையாக இருக்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் ஆலையில் துணி வெட்டும் பிரிவில் ஷவ்கி என்று ஒரு மேஸ்திரி இருக்கிறார். மனைவி இறந்து சில வருடமாகிறது. தமியாத்தாவில் அவருடைய அக்கா வீடு. என்னை ஒரு வெள்ளிக்கிழமை அங்கே கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்கிறார். மற்ற நாளில் இருவருக்கும் முடியாது. ஒரே ஒரு வெள்ளிக்கிழமை நான் சமைக்காமல் இருந்தால் என்ன என்று யோசிக்கிறேன். நீ சரி என்றால் மெத்ஹத்திடம் சொல்லிவிடுகிறேன்.

ராவியா


தபூக், 1 மார்ச் 1999

ராவியாவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நீ என்ன சொல்ல வருகிறாய் என்று புரியவில்லை.

வரமுடியாது. ஒப்பந்தம் முடியுமுன் போனால் விமானச் செலவு என் தலையில் விழும், திரும்பி வந்தால் இந்த இடமும் இருக்காது. உனக்கு இது தெரியும். தெரிந்தும் கேட்கிறாய் என்றால் வேறு ஏதோ இருக்கிறது. இருந்தால் நேராக எழுது, இல்லாவிட்டால் என்னைக் கலக்காதே. சும்மா கேட்கிறேன் என்று எழுதாதே. யாரும் சும்மா கேட்பதில்லை.

ஷவ்கி விஷயம். அக்கா, உனக்கு என்ன வயதாகிறது என்று கண்ணாடியில் பார்த்தாயா? மனைவியை இழந்தவர் தேடுவது சமைக்கவும் துவைக்கவும் ஆளைத்தான். அதை நீ ஏற்கெனவே என் பிள்ளைகளுக்குச் செய்கிறாய். அந்நியன் பிள்ளைகளுக்குச் செய்வதற்கு இது எவ்வளவோ மேல். வெள்ளிக்கிழமையை விடாதே. ஒரு வெள்ளி விட்டால் ஏழு நாள் அவர்கள் ரொட்டியும் சீஸும் தின்பார்கள். நான் திரும்பி வந்த பிறகு ஆயிரம் வெள்ளிக்கிழமை உனக்கு இருக்கிறது.

பின்னலைப் பற்றி எழுதியிருந்தாய். எந்தத் தோழி?

நிவீன்


மன்சூரா, 5 ஏப்ரல் 1999

நிவீன்,

தோழியின் பெயர் தெரியாது.

பெருநாள் இறைச்சியைப் பங்கு போட்டு, கொழுப்பைத் தனியாக உருக்கி வைத்துவிட்டேன். ஃப்ரீசர் நிறைய இருக்கிறது. வெள்ளிக்கிழமை எதுவும் விடவில்லை.

ஷவ்கிக்கு நீ சொன்னபடியே பதில் சொல்லிவிட்டேன்.

இங்கே எல்லோரும் சுகம்.

ராவியா


தபூக், 14 ஜூன் 1999

நேற்று வீட்டுக்குப் போன் போட்டேன். மெத்ஹத் வேனோடு போயிருந்தார். ஸியாத் எடுத்தான். உன் அக்காவைக் கூப்பிடு என்றேன். அவன் உள்ளே பார்த்துக் கத்தினான்: "யும்னா, சித்திக்கு வாந்தி எடுத்து முடிஞ்சதும் வா, அம்மா போன்ல இருக்கா."

யார் சித்தி என்று கேட்டேன். பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "இனாஸ் சித்திம்மா. அப்பாவோட இருக்கிறவங்க. அவங்க வயித்துல பாப்பா இருக்கு" என்றான். பிறகு யாரோ போனை வாங்கி வைத்துவிட்டார்கள்.

மூன்று நோயாளிகளுக்கு ஊசி குத்தவேண்டிய நேரம். குத்தினேன். மூன்றும் முதல் குத்திலேயே நரம்பில் இறங்கின. அதை நினைத்துத்தான் இப்போது பயமாக இருக்கிறது.

உனக்குத் தெரியும். பின்னல், கத்தரிக்காய், கழுவிய டப்பா. எல்லாவற்றையும் எழுதினாய், அவள் பெயரை மட்டும் விட்டுவிட்டாய். என் ஃப்ரீசரில் என் சம்பாத்தியத்தில் வாங்கிய கறியை வைத்து, என் சக்களத்திக்குப் பொங்கிப் போட்டிருக்கிறாய். வாந்தி எடுப்பதும் உன் சாப்பாட்டைத்தானே.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. எப்போதிலிருந்து?

நிவீன்


மன்சூரா, 30 ஜூன் 1999

நிவீன்,

ரமலான் நடுவிலிருந்து. கேட்டதற்குப் பதில் இதுதான். மீதியையும் சொல்கிறேன், கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுப் போடு.

முதலில் மெத்ஹத் வந்து, நோன்பில் பசி அதிகம், கொஞ்சம் கூடுதலாக வையுங்கள் அண்ணி என்றார். வைத்தேன். பிறகு டப்பாக்கள் கழுவி வர ஆரம்பித்தன. உன் புருஷனைப் பற்றி உனக்குத் தெரியும், தம்ளரைக்கூட அலச மாட்டார். யும்னாவிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். யாரோ அந்தப் பிள்ளையிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள் என்று அப்போதே புரிந்தது. அதற்குமேல் அவளைக் கேட்கவில்லை.

ஒரு நாள் ஆலையில் மின்சாரம் போய் எங்களை மதியமே அனுப்பிவிட்டார்கள். நேரே உன் வீட்டுக்குப் போனேன். உன் சமையல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் கதவைத் திறந்தாள். இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்கதானே ராவியாக்கா? உள்ள வாங்க. தினம் உங்க கைச் சாப்பாட்டைத்தான் சாப்பிடறேன்."

"நீ யாரும்மா?"

"அவரோட வீட்டுக்காரி. உங்களுக்குத் தெரியும்னுதான் அவர் சொன்னாரு. தெரிஞ்சுதான் எனக்கும் சேர்த்து அனுப்பறீங்கன்னு நினைச்சேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அவர் எங்கள் இருவரிடமும் பொய் சொல்லியிருந்தார். நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். ஆனால் உள்ளே ஸியாத் தலையணையில் சாய்ந்து படுத்திருந்தான். காய்ச்சல் என்று பள்ளிக்கு அனுப்பவில்லையாம். அவள் போய் அவனுக்கு வைத்திருந்த சூப்பை எடுத்து, ஆறட்டும் என்று ஊதத் தொடங்கினாள். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெத்ஹத் என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "அண்ணி, இப்ப நிவீன்கிட்ட சொன்னா அவ எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வருவா. வந்து என்ன பண்ணுவா? பிள்ளைங்களை எடுத்துக்க விடுவேனா? நீங்க சொன்னீங்கன்னு தெரிஞ்சா உங்க வாசலுக்குக்கூட அதுங்க வராது" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. வழக்கம்போல டப்பாக்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது நீ சொல். நான் சமைப்பதை நிறுத்தியிருந்தால் முதலில் யார் பட்டினி? ஒரே டப்பாவில் இருப்பதைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எப்படிப் பிரிப்பது? உன்னை வா என்று எழுதினேன். எனக்கு எழுத முடிந்தது அவ்வளவுதான். நீ பதிலுக்கு விமானச் செலவை எழுதினாய். கண்ணாடியைப் பார்க்கச் சொன்னாய்.

பார்த்தேன். ஷவ்கி மே மாதம் பொத்தான் பிரிவில் இருக்கும் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். எங்களுக்கெல்லாம் பாதாம் மிட்டாய் கொடுத்தார். நானும் எடுத்துக்கொண்டேன்.

நான் அவளுக்குப் பொங்கிப் போட்டேன் என்கிறாய். உனக்கும்தான் பொங்கினேன். நீ அங்கே நிம்மதியாக வேலை பார்த்ததெல்லாம் எதைத் தின்று என்று நினைக்கிறாய்?

ராவியா


தபூக், 22 ஆகஸ்ட் 1999

ராவியாவுக்கு,

மன்சூராவிலிருந்து நேற்று திரும்பி வந்து சேர்ந்தேன். விமானச் செலவு என் தலையில்தான் விழுந்தது; ஒப்பந்தத்தைப் புதுப்பித்ததால் இடம் மட்டும் போகவில்லை. வேறு எங்கே போக?

மாடிப்படியில் எல்லார் முன்னிலும் உன்னைச் சொன்ன வார்த்தையை நான் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. நீயும் எதிர்பார்க்காதே. என்னை அடித்திருந்தாலும் பரவாயில்லை, நீ குனிந்து அந்தப் பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஃப்ரீசரைத் திறந்து கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கட்டில் வீசியபோது எனக்கு ஒரு சுகம் இருந்தது. தக்காளிப் பை ஒவ்வொன்றும் கல் மாதிரி விழுந்து உருண்டது. பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. மெத்ஹத் ஓரமாக நின்றார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. அப்புறம் ஸியாத் ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டான். என்னைத்தான் தேடி வந்தான் என்று நினைத்தேன். "அம்மா, அது எங்க சாப்பாடும்மா" என்று அழுதான்.

வக்கீலைப் பார்த்தேன். வெளிநாட்டில் வேலை பார்க்கிற தாயிடம் பிள்ளைகளைக் கொடுப்பது கஷ்டம் என்றார். வேலையை விட்டுவிட்டு வந்தால் எதை வைத்து வளர்ப்பாய் என்று நீதிபதி கேட்பாராம். இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கிறது.

யும்னா என்னோடு இரண்டு நாள் நம் அத்தை வீட்டில் தங்கினாள். என் பக்கத்தில் படுத்துக்கொண்டாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி மரியாதையாகப் பேசினாள்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உறவுக்காகக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைச் சமையலை மறுபடி ஆரம்பி. ஃப்ரீசரை நான் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கலாம், பிள்ளைகளுக்காக விட்டு வந்திருக்கிறேன். டப்பா மேல் யும்னா, ஸியாத் என்று பெயர் எழுதி அனுப்பு. நான் செய்கிற மாதிரி செய்ய வேண்டாம், உன் விருப்பப்படியே செய். பூண்டை எவ்வளவு வேண்டுமானாலும் வறுத்துக்கொள். அவள் கையால் மட்டும் அவர்கள் சாப்பிடக் கூடாது.

நிவீன்


மன்சூரா, 14 செப்டம்பர் 1999

நிவீன்,

உன் கடிதம் வந்த வாரமே சமைத்தேன். உனக்காக இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு சமைத்தேன். டப்பா மேல் பெயரும் எழுதினேன். மெத்ஹத் இப்போது என் வீட்டுப் பக்கம் வருவதில்லை. அதனால் எல்லாவற்றையும் இரண்டு கூடையில் அடுக்கி நானே பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனேன்.

இனாஸ்தான் கதவைத் திறந்தாள். நடக்கச் சிரமப்படுகிறாள், மாதம் நெருங்கிவிட்டது. ஒதுங்கி வழிவிட்டாள். நான் போய் ஃப்ரீசரைத் திறந்தேன்.

நிறைந்திருந்தது. தக்காளி தட்டையாகப் படுத்துக் கிடந்தது. முட்டைக்கோஸ் சுருள் பச்சையாக வரிசையில் இருந்தது. கோழிச் சாறைப் பையில் ஒரு விரல் இடம் விட்டுக் கட்டியிருந்தாள். எல்லாம் நான் செய்கிற மாதிரியே. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. என் டப்பாக்களைத் திறந்து திறந்தே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

யும்னா வந்து என் பக்கத்தில் நின்றாள். "சித்தி வெள்ளிக்கிழமையே எல்லாம் பண்ணி வச்சுடறாங்க பெரியம்மா. எதுக்கு உங்களுக்குக் கஷ்டம்?" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அவள் குரலில் உன் குரலின் சாயல் இருக்கிறது.

வைக்க இடமில்லை. கூடைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். பஸ் பாலத்தில் வெகுநேரம் நின்றுவிட்டது. வீடு சேருமுன் எல்லாம் வெதுவெதுப்பாகிவிட்டது. என் வீட்டில் ஃப்ரீசர் கிடையாது, அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். எங்கள் கட்டடத்துக் காவல்காரர் வீட்டில் ஏழு பேர், அவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். டப்பா மேலிருந்த பெயர்களை முதலில் அழித்தேன்.

உன் பிள்ளைகள் பசியோடு இல்லை. உனக்கு நான் எழுதக்கூடிய கெட்ட செய்தி இதுதான், எனக்கும் இதுதான். இனி சமைக்கமாட்டேன். படிக்கட்டில் நீ சொன்னதற்காக இல்லை. அங்கே எனக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

போன வெள்ளியன்று வீட்டில் சும்மா இருந்தேன். வெயில் ஏறும் வரை தூங்கலாம் என்று நினைத்திருந்தேன், தூக்கம் வரவில்லை. பசித்தது. கொஞ்சம் அரிசி களைந்து அடுப்பில் வைத்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்று தெரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டேன்.

ஆலையில் வெள்ளிக்கிழமைக்கும் ஆள் வேண்டுமாம். என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

ராவியா